வெள்ளிக்கிழமைக் குளிர்

குளிர்நாட்டு ஊரான மோர்டென்ஸ்ருட்டில் தங்கள் வீட்டைத் திருத்தும்போது குகநேசன் பிடிவாதமாகப் போட்ட புதிய வெப்பமூட்டி, வெள்ளி மாலைகளில் மட்டும் நின்றுவிடும்.

"இஞ்சாருங்கோ, விறகடுப்புப் போடுவம் எண்டனான், கேட்டியளே? இண்டைக்கும் நிண்டால் இதைக் கழட்டவேணும்," என்றாள் மனைவி தவமலர்.

"குளிக்க இதிலையிருந்துதானே சுடுதண்ணி வருது? மிசின் நல்லாத்தான் இருக்கு. சுவரிலை இருக்கிற வெப்பமானி, வீடு சூடாகீட்டுது எண்டு கண்டால்தான் அதை நிப்பாட்டும்."

"நான் நடுங்கிறன், அதுக்குச் சூடாமோ!"

அன்றும் நின்றது.

"இது திருந்தவேணுமெண்டு பிள்ளையாருக்கு வெள்ளிக்கு வெள்ளி ஒரு விளக்குக் கூட்டி ஏத்துறன்," என்று அலுத்துக்கொண்டாள்.

குகநேசன் திரும்பிப் பார்த்தார். சாமித்தட்டில் விளக்குகள் வரிசையாக எரிந்தன. அவற்றுக்கு நேர் மேலே வெப்பமானி.

பிள்ளையாரையும் விளக்குகளையும் எதிர்ச் சுவருக்கு மாற்றினார். கொஞ்ச நேரத்தில் வெப்பமூட்டி ஓடத் தொடங்கியது.

"பாத்தியளே, நேர்த்தி பலிச்சிட்டுது!" என்றாள் தவமலர்.