வண்டி நின்ற இடம்

"வண்டியை எடுக்கப் போறீங்களா, இல்லையா?"

சுலோச்சனாவின் குரல் உயர்ந்தும், இளநீர் சீவிக்கொண்டிருந்த டில்லிபாபு தலை நிமிரவில்லை.

"இன்னிக்கி ஒரு நாள் உட்டுரு மா. நாளைக்கு எடுத்துக்கினு பூடறேன்."

"நாளைக்கு யாருக்கு வேணும்? இன்ஜினியர் இன்னிக்குத்தான் வராரு!"

அடையாறு வட்டாரத்தைச் சேர்ந்த பன்னிரண்டு பேர், சுலோச்சனாவின் தலைமையில், ஞாயிறுதோறும் அந்தத் தெருவின் மரங்களைப் பராமரித்து வந்தார்கள். சென்ற ஞாயிறன்று, மழை அரித்துத் தின்றிருந்த சாலை ஓரத்தையும் தாங்களே செப்பனிட்டார்கள். அதைப் பார்வையிட மாநகராட்சிப் பொறியாளர் ஒன்பது மணிக்கு வருகிறார். வேலை பிடித்திருந்தால், அடுத்த இரண்டு தெருக்களும் அவர்கள் பொறுப்பில். பிடிக்காவிட்டால், இனிச் சாலையில் மண்வெட்டியே வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்.

செப்பனிட்ட இடத்தை மறைத்துக்கொண்டுதான் டில்லிபாபுவின் தள்ளுவண்டி நின்றது. எதிர்ப்புறப் புங்கமர நிழலில் பத்தாண்டுகளாக நின்றவர், வியாழக்கிழமை முதல் இங்கே வெயிலில் நிற்கிறார்.

"புது ரோட்டைப் பார்த்ததும் பட்டா போட்டுட்டாரு!" என்றார் குழுவில் மூத்தவரான ராஜகோபாலன்.

மணி எட்டு ஐம்பது. சுலோச்சனாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தெருமுனைவரை போனாள், திரும்பி வந்தாள், மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"யம்மா, இப்டி ஓரமா வாயேன். ஒரு வார்த்த சொல்லணும்" என்றார் டில்லிபாபு.

"எதுவா இருந்தாலும் எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. ரகசியம் பேசிக் காரியம் சாதிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது."

டில்லிபாபு சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். 

"ஒண்ணும் இல்ல மா."

"பார்த்தீங்களா? சொல்ல வாயில்லை. தள்ளுங்க வண்டியை!"

"ஐய, வாணாம் மா! சொன்னா கேளு!"

அவர் குறுக்கே பாய்வதற்குள் நால்வர் கைவைத்துவிட்டார்கள். முட்டுக்கல் தெறிக்க, வண்டி நகர்ந்தது. மேலிருந்து உருண்ட இளநீர் ஒன்று, 'தொபுக்'கென்று தரைக்குள் மறைந்தது.

வண்டி நின்ற இடத்தில் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம். உள்ளே கலங்கிய நீரில் நைந்துபோன கோணிமூட்டைகள்.

சுலோச்சனாவுக்கு அவை யாருடைய மூட்டைகள் என்பது தெரியும். மரக்கிளைகளைக் கழித்தபோது சேர்ந்த சருகை மூட்டைகட்டிச் சாலைப் பள்ளத்தின் அடியில் திணித்து, மேலே செங்கல் உடைசலைப் பரப்பலாம், மக்கினால் மரத்துக்கும் உரமாகும் என்று யோசனை சொன்னவளே அவள்தான்.

"வியாயக்கெயம மழைல ரோடு உள்ள பூட்ச்சு மா" என்றார் டில்லிபாபு மெல்ல. "ஸ்கூட்டில வந்த பொண்ணு ஒண்ணு வுயுந்து முட்டி பேந்துக்கினா. இன்னொருத்தர் வுயக் கூடாதேன்னு வண்டிய மேல போட்டேன். நாலு பேர் எதிர்ல சொன்னா ஒனக்கு அசிங்கமாப் பூடுமேன்னுதான் தனியா கூப்ட்டேன்."

தெருமுனையில் மாநகராட்சி ஜீப் திரும்பியது.

சுலோச்சனா டில்லிபாபுவை நெருங்கி, பக்கத்தில் நின்ற ராஜகோபாலனுக்குக்கூடக் கேட்காத குரலில் சொன்னாள்:

"அண்ணே... வண்டியைச் சீக்கிரம் மறுபடியும் பள்ளத்து மேலயே நிறுத்துங்க. அவர் போனதும் எடுத்துக்கலாம்."