சாமைச் சோற்று விருந்து

பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் சாப்பாட்டு மேஜையின் தலைமாட்டில் ஸ்டீபன்ராஜ், பக்கத்தில் மனைவி டோரதி, எதிரே முதல்முறையாக விருந்துக்கு வந்த பட்டறை நண்பர் பெரியண்ணன்.

ஸ்டீபன்ராஜுக்குச் சர்க்கரை; எடை இறங்காவிட்டால் இன்சுலின் ஊசிதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூன்று மாதமாக டோரதி சாமைச் சோறும் கீரையும் கட்டிக் கொடுத்தும், கணவர் இரண்டு கிலோ ஏறியிருந்தார்.

"நீங்க மட்டும் எப்படிண்ணே இளைச்சீங்க?" என்று பெரியண்ணனைக் கேட்டாள் டோரதி.

"தெரியலம்மா. என் வீட்டுக்காரி இருளாயி கறியும் மீனுமாத்தான் கட்டிவிடுறா. ஏதோ நோயின்னு அழுவுறா," என்ற பெரியண்ணன் சாமைச் சோற்றை ஒரு வாய் வைத்தார். "வெள்ளிக்கிழமை மாதிரி இல்லம்மா, இன்னைக்கு உப்பு கம்மி."

ஸ்டீபன்ராஜுக்குப் புரையேறியது.

டோரதி உப்பை நகர்த்தினாள். கை கழுவியதும் ஒரு தாளில் எழுதினாள்: "இருளாயி அக்கா, அண்ணனுக்கு நோயில்லை. இருவரும் பட்டறையில் டிபன் கேரியரை மாற்றிக்கொள்கிறார்கள். நாளை முதல் நீங்களும் சாமையே கட்டுங்கள். பக்குவம் பின்பக்கத்தில்."

"சமையல் குறிப்புண்ணே, அக்காகிட்ட குடுத்துடுங்க," என்று உறையை ஒட்டி, பெரியண்ணனிடமே கொடுத்தனுப்பினாள்.