மணம் வந்ததும் நிறுத்து

"ஏங்க, மணம் வருதா? நிறுத்திடவா?"

ஏர் ஃப்ரையருக்கு முன்னால் நின்றுகொண்டு சங்கரி கேட்டாள். கட்டிலில் உட்கார்ந்திருந்த இசக்கிமுத்து நிமிர்ந்தான். மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தான். ஒன்றுமில்லை. வெறும் காற்று.

"இன்னும் ரெண்டு நிமிஷம் ஓடட்டும்" என்றான்.

ஃபோர்ட் கொச்சியில் ஒரு ஓட்டலில் அவன் பார்பிக்யூ மாஸ்டர். வெள்ளிக்கிழமை விருந்தில் சுட்டு மிஞ்சிய ஆட்டு விலா எலும்பை, ரிப்ஸ் என்கிறார்களே, அதை ஒரு டப்பாவில் கொண்டுவந்து ஃபிரிட்ஜில் வைத்திருந்தான். சனிக்கிழமை இரண்டு பேருக்கும் நாள் முழுக்க வேலை. இன்று ஞாயிறு. மட்டாஞ்சேரியின் அந்த ஒற்றை அறை வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட இந்த ஒரு மத்தியானம்தான் கிடைத்தது.

சுட்ட இறைச்சியை மறுபடி சூடு பண்ணுவது லேசான காரியமில்லை. தண்ணீர் தெளித்து, அலுமினியத் தாள் மூடி, நூற்றெழுபது டிகிரியில் வைக்க வேண்டும். பிறகு தாளை எடுத்துவிட்டு, சாஸ் தடவி, மணம் எழும்பியதும் நிறுத்திவிட வேண்டும். ஒரு நிமிஷம் பிந்தினால் செருப்புத் தோல்தான். பிராட்வே கடைத்தெருவில் இந்த மெஷினை வாங்கி வந்த அன்று அவளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவனே அவன்தான்.

அந்த மணம்தான் இப்போது அவனுக்குத் தெரியவில்லை. இரண்டு மாதம் முன்பு வீட்டையே ஒரு வாரம் படுக்கப் போட்ட காய்ச்சல், போகும்போது அவன் மூக்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. "திரும்பி வரலாம், வராமலும் போகலாம்" என்றார் டாக்டர். ஓட்டலில் நிறத்தையும் கடிகாரத்தையும் பார்த்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தான், பாவம். அதற்கும் நாளையோடு முடிவு வந்துவிடும். புதிதாக வந்திருக்கும் செஃப் சிவராமகிருஷ்ணன், அடுப்பில் நிற்கிற எல்லோருக்கும் கண்ணைக் கட்டி, மசாலாக்களை மோந்து பார்த்துப் பெயர் சொல்லச் சொல்லப் போகிறாராம். தப்பாகச் சொன்னவனுக்கு அடுப்புப் பக்கம் வேலை இல்லை.

சங்கரியிடம் சொல்லிவிடலாம் என்று காலையிலிருந்து வாயெடுக்கிறான். வார்த்தைதான் வரவில்லை. அவள் மூக்கு எப்பேர்ப்பட்ட மூக்கு. பஜார் ரோட்டில் ஒரு சுக்கு கோடவுனில், மூட்டை மூட்டையாக மோந்து பார்த்து, பூசணம் பிடித்ததைத் தனியே தள்ளுவது அவள் வேலை. அவள் தலையாட்டினால்தான் முதலாளி ரமேஷ்பாபு மூட்டையைத் தைக்கவே விடுவார். அப்படிப்பட்டவளுக்கு மூக்கில்லாத புருஷன்.

"என்ன, பேச்சையே காணோம்?"

"ஒண்ணுமில்லட்டி. நாளைக்கு அந்தப் பரீட்சை இருக்குல்லா."

"உங்களுக்கு என்ன பயம்? நீங்க பாக்காத மசாலாவா? அந்த செஃப்புக்கே நீங்கதான் கண்ணைக் கட்டணும்."

சிரித்தவள், திரும்பாமலே மெதுவாகச் சொன்னாள்.

"நான் ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாதீங்க. எனக்குக் கோடவுன் வேலை போதும்னு இருக்கு. குனிஞ்சு குனிஞ்சு முதுகு வலிக்கு. உங்க வேலைதான் உறுதியா இருக்கே. இந்த மாசத்தோட நின்னுக்கிடவா?"

தொண்டை வரைக்கும் வந்திருந்த உண்மையை இசக்கிமுத்து அப்படியே விழுங்கினான்.

"நின்னுக்கோ. நான் இருக்கேம்லா" என்றான். அந்தக் குரல் அவனுக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

ஏர் ஃப்ரையர் உறுமிக்கொண்டே இருந்தது.

"இப்ப வருதா மணம்?"

ஏன் நிமிஷத்துக்கு ஒரு தடவை இதையே கேட்கிறாள்? கண்டுபிடித்துவிட்டாளா? சோதித்துப் பார்க்கிறாளா?

"என்னையே கேக்கியே. கோடவுனே நம்புத மூக்கு உங்கிட்டல்லா இருக்கு. நீ சொல்லு."

சங்கரி ஏர் ஃப்ரையரின் கூடையை வெளியே இழுத்தாள். குனிந்து, ஆழமாக மூச்சிழுத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

"ம்... வந்துட்டு. புகையும் தேனும் கலந்தாப்ல, எப்பவும் வருமே, அது."

அவனுக்கு உயிர் வந்தது. அவள் சொன்னதையே பிடித்துக்கொண்டான்.

"அதான் நானும் சொல்ல வந்தேன். தேன் வாசம் கட்டில் வரைக்கும் தூக்குது."

அவள் நிமிர்ந்து அவனையே பார்த்தாள். மாட்டிக்கொண்டோம் என்றே நினைத்தான். ஆனால் அவள் ஏனோ நீளமாக ஒரு மூச்சு விட்டாள். தட்டுகளில் ரிப்ஸை வைத்து, வெங்காயத்தை வட்டமாக நறுக்கிப் போட்டு, எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"சாப்பிடுங்க, ஆறிடும்."

ஆளுக்கொரு எலும்பைக் கையில் எடுத்தார்கள்.

அப்போது பக்கத்து வீட்டு ஆரிஃபா வாசலில் வந்து நின்றாள். முக்காட்டு நுனியால் மூக்கை அழுத்திப் பொத்தியிருந்தாள்.

"எந்தா சேச்சி இது, தெரு முழுக்க நாத்தம். இறைச்சி அழுகிப் போயிருக்கு, அதைப் போய் சூடு பண்றீங்க. நேத்துக் காலையில போன கரண்டு சாயங்காலம்தானே வந்துச்சு. நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிருந்தீங்க. எங்க மீனையெல்லாம் நான் அப்பவே தூக்கிப் போட்டேன்."

இசக்கிமுத்துவின் கை அந்தரத்தில் நின்றது. இனி மறைக்க வழியில்லை. எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் சங்கரியைப் பார்த்தான்.

அவள் தன் கையிலிருந்த எலும்பை மூக்கருகே கொண்டுபோய் ஒரு முறை மோந்து பார்த்தாள். இன்னொரு முறையும் மோந்து பார்த்துவிட்டு, மெல்லத் தட்டில் வைத்தாள்.

"அந்தக் காய்ச்சலுக்கு அப்புறம் எனக்கு ஒரு மணமும் தெரியலங்க" என்றாள். "உங்க மூக்கை நம்பித்தான் வாயில வைக்கப் போனேன்."