பினாங்கிலிருந்து சிங்கப்பூர்

“பினாங்குல இருந்து சிங்கப்பூருக்குப் பிளேன்ல போனா எவ்வளவு நேரம் ஆவும், அண்ணாச்சி?”

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கப்பல் டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் தங்கசாமி நிமிர்ந்து பார்த்தார். கயத்தாறு பக்கத்திலிருந்து வந்திருந்த நேசம்மாள், தகரப் பெட்டியை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவளுடைய ஐந்து வயது மகள் எஸ்தர்ராணி, புதுக் கவுனின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தாள்.

“பிளேன் எதுக்கும்மா? நாகப்பட்டினத்துல ஏறுனா அதே கப்பல் சிங்கப்பூர் வரைக்கும் போவுதே.”

“பதினெட்டாம் தேதி சாயங்காலம் அங்கன ஒரு கல்யாணம். தாலி கட்டுறதுக்குள்ள போயிரணும்.”

தங்கசாமி சுவரில் தொங்கிய மலாயா வரைபடத்தின் முன்னால் போய் நின்றார். இரண்டு ஊரும் தீவுதான்; ஒன்று வடக்கே, ஒன்று தெற்குக் கோடியில்.

“கப்பல் பினாங்குக்கே பதினேழாம் தேதிதான் போய்ச் சேரும். அங்கன இருந்து சிங்கப்பூர் நானூறு மைல் பக்கம். கப்பல்லயே போனா கல்யாணம் முடிஞ்சிரும். பிளேன்னா, நடுவுல கோலாலம்பூர்ல இறங்கி ஏறுனாலும் நாலு மணி நேரத்துக்கு மேல ஆவாது.”

“அப்ப காலையில ஏறுனா மதியத்துக்குள்ள போயிரலாம்” என்று நேசம்மாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

“போயிரலாம். ஆனா பிளேனுக்கு ரொம்பச் செலவாகுமே தாயி.”

“எங்க அய்யா குடுத்த காட்டை வித்துட்டேன்.”

பருத்தி வெடித்து நிற்கிற நேரத்தில், ஒரு கல்யாணத்துக்காக யாராவது காட்டை விற்பார்களா? தங்கசாமி அதைக் கேட்கவில்லை. பாஸ்போர்ட்டை வாங்கிப் பிரித்தார். எடுத்து இரண்டு வருஷம் ஆகியும் அதில் ஒரு முத்திரைகூட இல்லை.

“அப்பவே கூப்பிட்டுக்கிடுதேன்னாவ. இவ வயித்துல இருக்கையில கப்பலேறுனவிய.”

“உங்க வீட்டுக்காரரா? அப்ப அவரைப் பினாங்குக்கே வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லுங்களேன்.”

“அவியளால வர ஏலாது. கல்யாண வேலை.”

எஸ்தர்ராணி தாயின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். “நாம வாரது அப்பாவுக்குத் தெரியுமாம்மா?”

நேசம்மாள் மகளின் தலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். எவ்வளவோ அடக்கியும் கண்ணீர் பொலபொலவென்று புதுக் கவுனின் மேல் விழுந்தது.

இத்தனை வருஷம் கழித்துப் புருஷனைப் பார்க்கப் போகிற சந்தோஷம் என்று நினைத்தார் தங்கசாமி. அவருக்கே மனசு இளகிவிட்டது. கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

“கல்யாணத்துக்குப் போறவ அழலாமா தாயி? நீங்க கண்டிப்பா நேரத்துக்குப் போயிருவிய, அதுக்கு நான் பொறுப்பு. ஆமா, மாப்பிள்ளை உங்களுக்கு என்ன முறை? கொழுந்தனா?”

அவள் தண்ணீரைக் குடிக்காமல் கீழே வைத்தாள்.

“எம் புருசன், அண்ணாச்சி.”