பூனை கலைத்த ஆட்டம்

கேரம் போர்டு ஒன்றில் ஓரம் உடைந்த கறுப்புக் காய் ஒன்று இருந்தது. அத்தனை காய்களிலும் தன்னை மட்டும் அதில் தினமும் ஆடும் பிலோமினாவுக்கு நன்றாக அடையாளம் தெரியும் என்று அதற்கு ஒரே பெருமை.

ஒருநாள் கடைசி ஆட்டம் மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது, பல்லியைத் துரத்தி வந்த பூனை போர்டு மேல் குதித்தது. காய்கள் மூலைக்கொன்றாகச் சிதறின.

"எல்லாம் போச்சு, முதல்லேர்ந்து ஆடுவோம்" என்றாள் எதிரே ஆடியவள். தோற்கவிருந்தவளுக்கு உள்ளூர சந்தோஷம்.

"எதுக்கு?" என்ற பிலோமினா, காய்களை ஒவ்வொன்றாக எடுத்து, முன்பு இருந்த இடத்திலேயே வைத்தாள். எதிரே இருந்தவள் சரியென்று தலையாட்டினாள்.

உடைந்த காய்க்கு மட்டும் அழுகையே வந்துவிட்டது. "சிவப்பக்கா, நடுவுல இருந்தது நான். குழிப் பக்கத்துல இருந்தது இன்னொரு கறுப்பு, நம்ம தம்பி. மாத்தி வச்சுட்டாங்க! என்னை அவங்களுக்குத் தெரியவே இல்லை."

"பேசாம பாரு" என்றது, முன்பே குழியில் விழுந்து போர்டின் ஓரத்தில் எடுத்து வைத்திருந்த சிவப்புக் காய்.

பிலோமினா ஸ்ட்ரைக்கரைச் சுண்டினாள். அது நடுவிலிருந்த தம்பியைத் தள்ள, தம்பி வந்து உடைந்த காயை இடிக்க, இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக அதே குழியில் விழுந்தன. ஆட்டம் முடிந்தது.

"இடம் மாறியும் எப்படிண்ணே சரியா வந்து விழுந்தோம்?" என்றது தம்பி, வலைக்குள் கிடந்தபடி.

உடைந்த காய் மெல்லச் சொன்னது:

"பூனை குதிக்கிறதுக்கு முன்னாடியே, அவங்க கண்ணுல நாம குழியில விழுந்தாச்சுடா."