சிவப்பு வெள்ளை நூல்

ஜனவரியில் அம்மா இறந்ததும், கிராமத்தில் தோட்டமும் தெருவுமாகத் திரிந்த அவளுடைய நான்கு பூனைகளையும் பிளோவ்திவ் நகரத்தில் எங்கள் ஏழாவது மாடி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அன்றோடு நிம்மதி போயிற்று. பால்கனிக்கு வலை அடித்தோம். ஜன்னல்களைத் திறக்க முடியாதபடி திருகாணி போட்டோம். நான்கும் வாசல் கதவைப் பிறாண்டிக்கொண்டு நாள் முழுக்கக் கத்தின.

"கொண்டுபோய் அங்கேயே விட்டுடு ஸோர்னிட்சா. காது போயிடும் போல இருக்கு," என்றான் என் கணவன் பிளாமென்.

"அந்த வீட்டை வித்தாச்சு. ரோட்டுல லாரி அடிச்சுச் சாகட்டும்ங்கிறியா?"

மார்ச் முதல் தேதி, வசந்தத்தை வரவேற்க, இங்கே எல்லோரும் சிவப்பு வெள்ளை நூலைக் கையில் கட்டிக்கொள்வார்கள். அம்மா பூனைகளையும் விடமாட்டாள், கழுத்தில் கட்டிவிடுவாள். இந்த வருடம் நான் நூலே வாங்கவில்லை.

அன்று காலை வீட்டில் சத்தமே இல்லை. போய்ப் பார்த்தேன். நான்கும் சோபாவில் வரிசையாகப் படுத்திருந்தன. நான்கின் கழுத்திலும் சிவப்பு வெள்ளை நூல்.

"என்ன விளையாட்டு இது, பிளாமென்?"

"என்னைக் கண்டாலே சீறுதுங்க. நான் எங்கேருந்து கட்டுறது?"

அம்மா போடுவது போல மூன்று முடிச்சு. கழுத்தைப் பிடிக்கிற இறுக்கம். எரிச்சலோடு கத்தரிக்கோலை எடுக்கக் கையை நீட்டினேன். என் மணிக்கட்டிலும் நூல் இருந்தது.

தளர்த்திக் கட்டும்மா என்று சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். இப்போதும் ஒரு விரல் நுழைய இடம் விடவில்லை.