அடியில் விழுந்த அட்டை

தேவாலயத்துப் புத்தாண்டு ஆராதனையில், வரும் வருஷத்துக்கான வாக்காக ஆளுக்கொரு வேத வசன அட்டை எடுக்கும் பெட்டி அது. உள்ளே, காத்திருக்கச் சொல்லும் அட்டை ஒன்று மேலே வர முண்டிக்கொண்டிருந்தது. இரண்டு வருஷமாக அதை யாரும் எடுக்கவில்லை. இந்த முறையும் மிஞ்சினால் குப்பைதான்.

"ஏலே, சும்மா கிட," என்றது செழிப்பைச் சொல்லும் அட்டை. "உன்னை எடுக்கிறவங்க முகம் சுளிச்சுத் திரும்பப் போட்டுருவாங்க."

"போடட்டும் அண்ணாச்சி. இன்னைக்கு ஒரு கையிலாவது ஏறாம விடமாட்டேன்."

பாட்டு முடிவதற்குள் அது உச்சிக்கு வந்துவிட்டது. அப்போது போதகர் பெட்டியைத் தூக்கி நன்றாகக் குலுக்கினார். அட்டை தலைகுப்புற அடியில் போய் விழுந்தது.

"போச்சா?" என்று சிரித்தது செழிப்பு.

முதலில் வந்தவள் எப்சிபாய். கடலுக்குப் போன அவள் மகன் ஒன்பது நாளாகத் திரும்பவில்லை.

"மேல கிடக்கிறதை எடுத்தா நானா எடுத்த மாதிரி ஆயிரும், ஐயா. எனக்கு ஆண்டவர் கொடுக்கிறது வேணும்," என்று அடிவரை கையை விட்டாள்.

கையில் வந்தது காத்திருக்கச் சொல்லும் அட்டை. வசனத்தை இரண்டு முறை வாசித்தாள். திரும்பப் போடவில்லை.

"சரி ஆண்டவரே, காத்திருக்கேன்," என்று அதை வேதாகமத்துக்குள் வைத்து மூடினாள்.

அட்டையும் அதன்பின் முண்டவில்லை. அவளோடு சேர்ந்து காத்திருக்கத் தொடங்கியது.